பழைய பைப் புகையிலை, பழைய விளம்பரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் பைப் புகையிலை டப்பாக்களையும் அவற்றின் பத்திரிகை விளம்பரங்களையும் சேர்க்கிறேன் என்று தெரிந்தவுடன் பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இது.

நீங்கள் பைப் பிடிப்பவரா?

இல்லை. டப்பாவும் தாளும்தான்.

பைப்பே பிடிக்காதவருக்கு இதில் என்ன ஏக்கம் வேண்டிக் கிடக்கிறது?

நியாயமான கேள்வி. நம் ஊர்த் தாத்தாக்கள் பிடித்தது சுருட்டு. திண்டுக்கல், திருச்சிச் சுருட்டுக்கு வெள்ளைக்காரர்களே அடிமையாக இருந்தார்கள். பைப் பிடித்த தாத்தாவை நம்மில் பெரும்பாலோர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம்: பட்டு கவுன், பங்களா மாடிப்படி, வாயில் சுங்கான், கீழே காதலனோடு நிற்கும் மகள். அதற்கு அடுத்தபடியாகப் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில். மூர் மார்க்கெட்டிலும் திருவல்லிக்கேணி நடைபாதையிலும் கட்டுக் கட்டாகக் கிடந்த ‘லைஃப்’, ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழ்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நினைவிருக்கும். சாய்வு நாற்காலி, குளிர்காயும் அடுப்பு, காலடியில் நாய், கையில் பைப்.

அந்த வாழ்க்கையை நாம் வாழவில்லை. ஒன்று சொல்லட்டுமா, அந்த விளம்பரத்தைப் பார்த்த அமெரிக்கர்களிலும் முக்கால்வாசிப் பேர் வாழவில்லை. 1930களில் வேலை போய் வரிசையில் நின்றவன் கையில் இருந்ததும் அதே டப்பாதான். பைப் விளம்பரம் விற்றது அவனிடம் இல்லாத ஓய்வை. இன்று நமக்கு வரும் ஏக்கமும் அந்த விளம்பரக்காரர்கள் அப்போது உட்கார்ந்து தயாரித்த சரக்குதான் என்பது என் கட்சி. அதனால் ஏக்கம் பொய்யாகிவிடாது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு ஏங்கலாம்.

எல்லாரும் ஏன் பிரின்ஸ் ஆல்பர்ட் டப்பாவைப் பற்றியே பேசுகிறார்கள்?

அதிகம் விற்றது, அதிகம் மிஞ்சியது, அதிகம் கேலிக்கு ஆளானது. மூன்றும் அதுவே.

வட கரோலினாவின் ரெய்னால்ட்ஸ் கம்பெனி 1907 இல் அதைக் கொண்டுவந்தது. பிற்பாடு கேமல் சிகரெட் போட்ட அதே கம்பெனி. பெயருக்கு உரியவர் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்ட். பட்டத்துக்கு வருவதற்கு முன் அவர் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட். அவருடைய அம்மா விக்டோரியா ராணிக்குப் புகை நெடியே ஆகாது. மகன் படம் கடைசியில் அமெரிக்காவின் மளிகைக் கடை தோறும் புகையிலை டப்பாவில் ஏறியது. சிவப்பு நிறம், நின்றவாக்கில் ராஜா, சட்டைப் பைக்குத் தோதாகத் தட்டையான தகரம், மேலே கீல் வைத்த மூடி.

கேலி என்றது தொலைபேசிக் கேலியை. பையன்கள் கடைக்குப் போன் போட்டு, “டப்பாவில் பிரின்ஸ் ஆல்பர்ட் இருக்கிறாரா?” என்பார்கள். கடைக்காரர் “இருக்கிறதே” என்றதும், “பாவம், மூச்சு முட்டும், திறந்து விடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்கள். பல தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் இந்த ஒரே ஜோக்கைச் சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். எந்த விளம்பரக் கம்பெனியும் காசு கொடுத்து இப்படி ஒன்றைச் செய்திருக்க முடியாது.

“நாக்கைக் கடிக்காது” என்று எல்லா விளம்பரத்திலும் வருகிறதே, அது என்ன?

பைப் பிடிப்பவர்களின் பழைய புகார். அவசரமாக இழுத்தால் நாக்கு நுனி வெந்தது போல எரியும். சூடான ஈர ஆவியும் ஒரு காரணம், இலையின் ரசாயனமும் ஒரு காரணம். இந்த எரிச்சலை எடுத்துவிட்டோம் என்பதுதான் பிரின்ஸ் ஆல்பர்ட்டின் முதல் வாக்குறுதி. தங்கள் செய்முறைக்கு 1907 ஜூலை 30 ஆம் தேதி காப்புரிமை வாங்கியதை டப்பாவின் முதுகிலேயே அச்சடித்தார்கள். புகையிலை டப்பாவில் காப்புரிமைத் தேதி! விஞ்ஞானம் என்ற சொல்லுக்கு அப்போது அவ்வளவு மவுசு.

இதில் இலையின் பங்கையும் சொல்ல வேண்டும். இந்த மலிவு அமெரிக்கப் புகையிலைகளுக்கு அடிப்படை வெள்ளை பர்லி என்ற ரகம். 1864 வாக்கில் ஒஹையோ மாநிலத்தில் தற்செயலாக முளைத்தது. அதில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் எதை ஊற்றினாலும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அதிமதுரம், கோகோ, சர்க்கரைப்பாகு என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் கைமணத்தை அதில் ஏற்றியது. அமெரிக்கா இறக்குமதி செய்த அதிமதுரத்தில் பெரும்பங்கு மிட்டாய்க்குப் போகவில்லை, புகையிலைக்குத்தான் போனது.

பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று நிஜமாகவே விளம்பரம் செய்தார்களா?

செய்தார்கள், அதுவும் கம்பெனி கையெழுத்தோடு. எனக்கு மிகவும் பிடித்த விளம்பரம் இதுதான்.

1930களில் பிரின்ஸ் ஆல்பர்ட் விளம்பரங்களின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். இருபது பைப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் பிடித்ததிலேயே மிக மென்மையான, ருசியான புகையிலை இதுதான் என்று தோன்றாவிட்டால், மிச்சப் புகையிலையோடு டப்பாவை ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். முழு விலையும் தபால் செலவும் தருகிறோம் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே இன்னொரு வரி: 2 அவுன்ஸ் டப்பாவில் 50 பைப் அளவு இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 அவுன்ஸ் என்பது சுமார் 57 கிராம். 50 ஆல் வகுத்தால் ஒரு பைப்புக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். சாதாரண அளவுள்ள பைப் கிண்ணத்தில் அதைப்போல இரண்டு மடங்காவது பிடிக்கும். ஆகவே இருபது பைப் பிடித்து முடிக்கும்போது டப்பாவில் அனுப்புவதற்கு அனேகமாகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். சின்னக் கிண்ணக்காரனுக்கு நிறைய மிஞ்சினாலும், பொருளாதார மந்த காலத்தில் சில்லறைக் காசுக்காகத் தகர டப்பாவைப் பொட்டலம் கட்டித் தபாலாபீசுக்கு யார் போவார்கள்? அதோடு, இருபது முறை ஒரே புகையிலையைப் பிடித்தவனுக்கு அது பழகியிருக்கும். விளம்பரம் எழுதியவர் மனிதர்களை நன்றாகப் படித்தவர்.

மனைவிமார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் கார்ட்டூன் விளம்பரங்கள் எதனுடையவை?

சர் வால்டர் ராலே. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருந்த பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் புகையிலை. 1930களில் அவர்கள் போட்ட படங்களில் கணவனின் நாற்றமடிக்கும் பைப்பால் வீடே தவிக்கும். கடைசியில் ஆசாமி ராலேக்கு மாறுவான், குடும்பம் திரும்பச் சேரும். கூடவே பைப்பைப் பராமரிப்பது எப்படி என்ற இலவசக் கையேடு. எழுதிப்போட்டால் வீட்டுக்கு வரும். உபயோகமான கையேடுதான். கம்பெனிக்குக் கிடைத்தது வீட்டு விலாசம்.

இதில் ஒரு திருப்பத்தைக் கவனியுங்கள். அதுவரை பிடிப்பவனின் நாக்கைப் பற்றிப் பேசிய விளம்பரம், இங்கே பக்கத்தில் இருப்பவரின் மூக்கைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. பின்னால் வந்த வாசனைப் புகையிலைகளுக்கெல்லாம் வாசல் திறந்தது இங்கேதான்.

“எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பைப் பிடித்தால் வெனிலா வாசனை வரும்.” அது எந்தப் புகையிலை?

டப்பாவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 1960, 70களின் நினைவு என்றால் கேப்டன் பிளாக், போர்க்கம் ரிஃப், ஆம்ஃபோரா இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கேப்டன் பிளாக் அமெரிக்க லேன் கம்பெனியினுடையது. ஆம்ஃபோரா நெதர்லாந்துச் சரக்கு. போர்க்கம் ரிஃப் சுவீடன் நாட்டுடையது. வட கடலில் கப்பல்களுக்கு வழிகாட்ட நிறுத்திய விளக்குக் கப்பல் ஒன்றின் பெயர் அது. அதன் விஸ்கி வாசனை ரகம்தான் பிரபலம்.

அந்த மணம் பைப் பிடித்த பெரியவருக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. சூட்டில் அவர் வாய்க்குப் போய்ச் சேர்வதில் மணம் பாதி அடங்கிவிடும்; கூடத்தில் பரவுவதுதான் மணக்கும். அவர் பிடித்தார், மணந்தது உங்களுக்கு. பைப் பிடிக்காதவர்கள்தான் பைப் வாசனையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

வானொலி, தொலைக்காட்சியிலும் விளம்பரம் வந்ததா?

வந்தது, நாம் நினைப்பதைவிடப் பிற்காலம் வரை.

வானொலியில் பெரிய பெயர் மறுபடியும் பிரின்ஸ் ஆல்பர்ட். நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ நாட்டுப்புற இசை நிகழ்ச்சியை 1939 முதல் சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம் பல ஊர் நிலையங்களில் ஒலிபரப்ப அதுதான் பணம் கொடுத்தது. முதலில் ராய் ஏகஃப், 1946 முதல் ரெட் ஃபோலி நடத்தினார்கள். எட்ஜ்வொர்த் புகையிலையைச் செய்த லாரஸ் சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரிச்மண்ட் நகரில் 1925 இல் சொந்தமாகவே ஒரு வானொலி நிலையம் தொடங்கிவிட்டார்கள். அதில் மக்காச்சோளக் கதிர்த் தக்கையில் செய்த பைப்பின் பெயரில் ஒரு ‘கிளப்’ நிகழ்ச்சி நடந்தது.

தொலைக்காட்சியில் ஒரு சுவாரசியம். அமெரிக்காவில் 1971 ஜனவரி 2 முதல் ஒளிபரப்பில் தடைசெய்யப்பட்டது சிகரெட் விளம்பரம் மட்டுமே. பைப் புகையிலையைச் சட்டம் தொடவில்லை. பிரிட்டனிலும் 1965 இல் சிகரெட் போயிற்று. சுருட்டும் பைப்பும் 1991 வரை சின்னத்திரையில் நீடித்தன. காண்டோர், செயின்ட் புரூனோ என்ற பைப் புகையிலைகளின் விளம்பரங்களை இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பிரிட்டிஷ்காரர்கள் வரி தவறாமல் சொல்வது அதனால்தான்.

கிராமத்துக் களஞ்சியங்களின் சுவரில் எழுதிய புகையிலை விளம்பரம்?

அது மெயில் பவுச். மேற்கு வர்ஜீனியாவின் புளோக் சகோதரர்கள் கம்பெனி. வாயில் அடக்கும் புகையிலை, பைப் அல்ல, ஆகையால் இங்கே விரித்து எழுதவில்லை. ஹார்லி வாரிக் என்ற ஓவியர் ஒருவரே தன் ஆயுளில் சுமார் 20,000 களஞ்சியச் சுவர்களில் எழுதினார் என்பதை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிரிட்டிஷ் புகையிலைகளைப் பற்றி எழுத மாட்டீர்களா?

அமெரிக்கர்கள் மருந்துக்கடையில் தயாராக இருக்கும் டப்பாவை வாங்கினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் கலவை கேட்டு வாங்கினார்கள். ஆல்ஃப்ரட் டன்ஹில் 1907 இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எந்த இலை எவ்வளவு என்று ஒரு பேரேட்டில் எண் போட்டு எழுதி வைத்தார். ‘மை மிக்ஸ்சர் 965’ என்ற டப்பாவின் எண் அந்தப் பழக்கத்தின் மிச்சம். 1941 ஏப்ரலில் குண்டு விழுந்து கடை நொறுங்கியபோது, இடிபாடுகளுக்கு முன்னால் தெருவிலேயே மேசை போட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

நமக்கு நேரடிப் பழக்கம் உள்ள பெயர்கள் பிளேயர்ஸ், கேப்ஸ்டன். பிளேயர்ஸ் நாட்டிங்காம் ஊருடையது, தாடி வைத்த மாலுமி படம். கேப்ஸ்டன் பிரிஸ்டல் நகரின் வில்ஸ் கம்பெனியினுடையது. இரண்டும் 1901 இல் இம்பீரியல் டொபாக்கோ என்று ஒன்றாயின. அதே பெயரில் இந்தியக் கம்பெனி 1910 இல் கல்கத்தாவில் தொடங்கியது. இன்றைய ஐடிசி அதுதான்.

பிரிட்டனில் பைப்புக்கு அரசியல் உபயோகமும் உண்டு. பிரதமர் ஹெரால்ட் வில்சனைப் பைப் இல்லாமல் மேடையில் பார்க்கவே முடியாது; ஆனால் வீட்டுக்குள் அவர் பிடித்தது சுருட்டு என்பது ஊரறிந்த ரகசியம். ‘ஆண்டின் சிறந்த பைப் மனிதர்’ என்று ஒரு பட்டமும் 1965 இல் வாங்கினார். விளம்பரத்தைத் தனியாகப் பத்திரிகையில் தேட வேண்டியதில்லை.

பழைய புகையிலை நிஜமாகவே மேலானதா, அல்லது வெறும் பழசு மோகமா?

இரண்டும் கலந்தது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது மெல்லப் புளித்து, நிறம் கறுத்து, காரம் அடங்கும். இது மோகம் அல்ல, நடக்கிற காரியம். சட்டைப் பை டப்பாக்கள் அப்படியல்ல. கீல் மூடி, உள்ளே காகிதம். காற்று தாராளமாகப் போய்வரும். அறுபது வருஷத்துப் பிரின்ஸ் ஆல்பர்ட் டப்பா ‘நிரம்பியது’ என்று விற்பனைக்கு வந்தால் உள்ளே இருப்பது சருகுத் தூள்.

லட்டாக்கியா இலை வேறு கதை. சிரியாவின் துறைமுகத்துப் பெயர். விறகுப் புகையில் தொங்கவிட்டுப் பாடம் செய்த இலை, தார் வாசனை வரும். யாழ்ப்பாணத்தில் மட்டை எரித்துப் புகை போட்டுப் பாடம் செய்து மலையாளக் கரைக்கு அனுப்பிய புகையிலையைத் தெரிந்தவர்களுக்கு முறை புரியும். லண்டனின் பால்கன் சோப்ரானி கலவை இந்த லட்டாக்கியாவால்தான் பெயர் வாங்கியது. சிரியாவிலிருந்து வரத்து நின்றுபோய், இன்று கிடைப்பதெல்லாம் வேறிடத்து இலை. அதனால் பழைய டப்பா ஒன்று பல நூறு டாலருக்குப் போகிறது. அந்த விலையில் பாதி இலைக்கு, மீதி டப்பாமேல் உள்ள எழுத்துக்கு.

அதே பெயர்கள் இன்றும் கிடைக்கின்றனவே?

பெயர்கள் கிடைக்கின்றன. பிரின்ஸ் ஆல்பர்ட் 1987 இல் கைமாறி ஜான் மிடில்டன் கம்பெனிக்குப் போனது. டன்ஹில் கலவைகள் 2018 இல் நின்று, மறு வருஷம் பீட்டர்சன் என்ற பெயரில் திரும்பின. செய்தது அதே டென்மார்க் ஆலைதான், பெயர்தான் மாறியது. வழக்கமாக இதற்கு நேர்மாறாக நடக்கும்: பெயர் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு மாறும்.

அமெரிக்காவில் 2009 க்குப் பிறகு பைப் புகையிலை விற்பனை எகிறியது என்ற புள்ளிவிவரத்தைக் காட்டிப் பழைய காலம் திரும்புகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஏப்ரலில் கையால் சுருட்டும் சிகரெட் புகையிலைக்கு வரி பவுண்டுக்கு 24.78 டாலர் ஆயிற்று. பைப் புகையிலைக்கு 2.83 டாலர். பைகளில் ‘பைப் புகையிலை’ என்று லேபிள் மாறியது. அவ்வளவுதான்.

டப்பா காலியானதும் என்ன செய்தார்கள்?

ஆணி, தூண்டில் முள், சில்லறை. நம் வீட்டில் பிஸ்கட் டப்பா படும் பாடுதான். மேற்கு அமெரிக்காவில் மட்டும் ஒரு விசேஷம். சுரங்கம் தேடிப் போனவர்கள் நிலத்துக்கு உரிமை கோரும் காகிதத்தை இந்த டப்பாவில் போட்டு, கற்குவியலுக்குள் வைத்துவிட்டு வருவார்கள். மழைக்கு நனையாது. பாலைவனத்தில் அப்படி வைத்த டப்பாக்கள் இன்றும் அகப்படுகின்றன.

இந்த விளம்பரங்களில் இனவெறி இருந்ததாகச் சொல்கிறார்களே?

இருந்தது, ஒளித்துவைக்காமலே இருந்தது. 1912 இல் வந்த ‘ரோலி போலி’ டப்பாக்கள் உருண்டை உருவங்கள், சேகரிப்பவர்களுக்கு உயிர். ஆறு உருவங்களில் ஒன்று கறுப்பின வேலைக்காரியைக் கேலிச்சித்திரமாக்கியது. மில்வாக்கி நகரில் செய்த ஒரு புகையிலைக்குக் கறுப்பர்களை இழிக்கும் சொல்லே பெயர். 1950களில்தான் ஓரெழுத்தை மாற்றினார்கள். இந்த வகை டப்பாக்களை நான் வாங்குவதில்லை. அருங்காட்சியகத்தில் விளக்கத்தோடு இருக்கட்டும். சாய்வு நாற்காலிப் படங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் ஒருபோதும் உட்காரவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

பைப் சிகரெட்டைவிட ஆபத்து குறைந்தது அல்லவா?

இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 1964 ஜனவரியில் வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர்) அறிக்கை சிகரெட்டைக் கடுமையாகச் சொன்னது, பைப்பைப் பற்றி மென்மையாகப் பேசியது. உடனே நிறையப் பேர் பைப்புக்குத் தாவினார்கள். அதே அறிக்கை பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்றும் சொல்லியிருந்தது. அதைப் பலர் படிக்கவில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்கள் எல்லாவற்றோடும் பைப்பைப் பின்னால் வந்த ஆய்வுகள் சேர்த்தன. படத்தைப் பாருங்கள், பற்றவைக்காதீர்கள்.

என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது. எந்த வருஷத்துது?

முதல் பொறி: டப்பாமேல் ஒட்டிய அரசு வரிச்சீட்டில் ‘சீரீஸ் 1910’ என்று இருந்தால் டப்பா 1910 இல் செய்தது என்று அர்த்தமில்லை. அது சீட்டின் வடிவம் வந்த வருஷம். பல காலம் அதையே ஒட்டினார்கள். விற்பவர்கள் தெரிந்தும் தெரியாமலும் இந்தத் தேதியைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். ‘சீரீஸ் 119’ போல மூன்றிலக்கம் இருந்தால் 1830 ஐக் கூட்டுங்கள், 1949 வரும். அமெரிக்கப் புகையிலை வரிச்சீட்டுகள் 1959 இல் ஒழிந்தன. விலாசத்தில் ஐந்திலக்க ஜிப் எண் (அமெரிக்கப் பின்கோடு) இருந்தால் 1963 க்குப் பிந்தியது. பார்கோடு இருந்தால் 1974 க்குப் பிந்தியது, விலை பேசவே வேண்டாம்.

விளம்பரங்களை இங்கிருந்தே எங்கே பார்க்கலாம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் புகையிலை விளம்பரங்களுக்கென்றே ஒரு பெரிய இணையத் தொகுப்பு வைத்திருக்கிறது. புகையிலைக் கம்பெனிகளின் தந்திரத்தை ஆராய மருத்துவர்கள் தொடங்கியது. பைப்புக்குத் தனிப் பகுதி உண்டு, இலவசம்.

துருப்பிடித்த டப்பாவைக் கழுவலாமா?

தண்ணீரில் போடாதீர்கள். நிறம் தகரத்தின்மேல் அச்சடித்தது, கீறல் வழியாக ஈரம் இறங்கினால் ஒரே மழைக்காலத்தில் ராஜாவின் முகம் உரிந்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். காய்ந்த மென்துணியால் தூசு தட்டி, நிறம் போகாத ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, மெல்லிய மெழுகு ஒரு கை பூசினால் போதும். உள்ளே பழைய புகையிலை இருந்தால் கொட்டிவிடலாம். வரிச்சீட்டை மட்டும் கிழிக்க வேண்டாம்.